லேபிளைப் படி... அப்புறம் பில்லைப் போடு!

காலடிப்பேட்டை என்றதும் "யாருடைய காலடி?" என்று கேட்கத் தோன்றும். பட்டினத்தார் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையோரம் இருப்பதால் அவருடைய காலடிதான் என்று என் ஆபீஸ் நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். ஆதிசங்கரர் பிறந்த கேரளத்துக் காலடிக்கு இது பிராஞ்ச் என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை ஸார்! இது ஒரு வெள்ளைக்காரரின் பெயர்.

1717-லிருந்து 1720 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். கம்பெனிக்குத் துணி வேண்டும். துணிக்கு நெசவாளர்கள் வேண்டும். அவர்களைக் கொண்டு வந்து குடி வைத்த இடம்தான் காலெட் பேட்டை. நம் ஜனங்களின் நாக்கில் புரண்டு புரண்டு அது காலடிப்பேட்டை ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் காலெட் துரைக்கும் சம்பந்தம் சொல்கிறார்கள். துரையிடம் வேலை பார்த்த குமாஸ்தா ஒருவர் காஞ்சி வரதரின் பரம பக்தராம். "சரி, இந்த நிமிஷம் காஞ்சிபுரத்தில் என்ன நடக்கிறது, சொல்லு பார்ப்போம்" என்று துரை மடக்க, அவர் இருந்த இடத்திலிருந்தே சொன்னாராம். ஆள் அனுப்பி விசாரித்தால் அத்தனையும் உண்மை! அசந்துபோன துரை, பெருமாளுக்கு இங்கேயே கோயில் எழுப்ப ஏற்பாடு செய்தார் என்பது கதை. (என் மேனேஜருக்கு இந்தக் கதை தெரியக் கூடாது. லீவு போட்டால் ஆள் அனுப்பி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.)

ஆக, போர்டில் எழுதியிருப்பது காலடி. உள்ளே இருப்பது காலெட். இந்த ஊருக்கு நான் போனதும் இப்படிப்பட்ட ஒரு விவகாரத்துக்காகத்தான். லேபிளில் ஒரு பெயர், உள்ளே வேறு சங்கதி என்று திரியும் ஹார்ட் டிஸ்க் விவகாரம்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்த பிறகு காலடிப்பேட்டைக்குப் போவது சுலபம். அதற்கு முன்னால் திருவொற்றியூர் ஹைரோடில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு சர்க்கஸில் வேலை கிடைத்திருக்கும். இப்போது மேலே ஜில்லென்று ரயில். கீழே அதே வெயில், அதே மார்க்கெட், அதே கருவாட்டு வாசனை. ஒரு பக்கம் புல்லட் வண்டிக்குப் பேர்போன என்ஃபீல்டு. இன்னும் வடக்கே போனால், தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய விம்கோ நகர் ஸ்டேஷன். உள்தெருக்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழைய ஓட்டு வீடுகள். இந்த ஓடுகளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மாடிப் படி ஏறினால் அண்ணனின் போட்டோ ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் போட்டோ, வீடியோ, ட்ரோன் சகிதம் போய் நிற்பார். எடுத்ததையெல்லாம் நாலு ஹார்ட் டிஸ்க் செருகிய ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறார். ஒவ்வொன்றும் 4 டெராபைட். நாலில் ஒன்று செத்தாலும், மற்ற மூன்றும் கூடிக் கணக்குப் போட்டு, செத்தவன் வைத்திருந்ததைப் புது டிஸ்கில் திரும்ப எழுதித் தந்துவிடும். கூட்டுக் குடும்பம் மாதிரி. ஆனால் இந்தக் கூட்டுக் குடும்பம் ஒரு சாவைத்தான் தாங்கும். எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது டிஸ்கும் போய்விட்டால் எல்லாமே கோவிந்தா.

ஒன்று செத்துவிட்டது. அதனால்தான் எனக்கு போன். நான் ஆபீஸில் ஸர்வர் ரூம் பக்கம் குப்பை கொட்டுகிறவன் என்பது அவருக்குத் தெரியும்.

"தம்பி, பதினோரு கல்யாணம் உள்ளாற கீது. ஒண்ணும் இன்னும் டெலிவரி குடுக்கல. அதுல ஒரு பையன் கப்பல்ல வேல பாக்குறான். தாலி கட்டுன பத்தாம் நாளு கப்பல் ஏறிட்டான். அவுங்க நைனா போன மாசம் தவறிட்டாரு. மேடையில அந்த மனுஷன் ஆடுனது என்கிட்டதான் கீது. அந்தப் புள்ள வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

"காப்பி எடுத்து வைக்கலையா, அண்ணே?"

"அதான் நாலு டிஸ்க் போட்டுக்கிறேனே!"

இதுவும் ஊர் உலகத்தில் சகஜம். நாலு டிஸ்க் பெட்டி என்பது, ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓடுவதற்கு. அது நகல் ஆகாது. அதைப் பற்றி லெக்சர் அடிக்க அன்றைக்கு நேரமில்லை. ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு டிஸ்க் வாங்க வேண்டும். "ஏதோ ஒரு 4 டெராபைட்" வாங்கி வந்தால் சரிப்படாது. ஏன் என்று கேட்டார். அவரை ஜன்னல் பக்கம் அழைத்துப் போய், எதிர் வீட்டுக் கூரையைக் காட்டினேன்.

* * *

ஹார்ட் டிஸ்கின் உள்ளே பளபளவென்று தட்டுகள் சுற்றுகின்றன. அதில் வட்ட வட்டமாகத் தடங்கள். ஸ்டேடியத்தில் ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போட்டிருப்பார்களே, அது போல. பழைய, ஒழுங்கான முறையில் ஒவ்வொரு தடமும் தனித்தனி. பக்கத்துத் தடத்தைத் தொடாமல் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு எழுதுவார்கள். எந்தத் தடத்தை வேண்டுமானாலும் அழித்து எழுதலாம். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இதற்கு சி.எம்.ஆர். என்று பெயர்.

எழுதுகிற முனை தடிமன். படிக்கிற முனை மெல்லிசு. 'படிக்க இவ்வளவு அகலம் தேவையில்லையே, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எழுதினால் என்ன?' என்று கம்பெனிக்காரர்கள் யோசித்தார்கள். எதிர் வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்திருப்பது போல! ஒரு ஓட்டின் விளிம்பை அடுத்த ஓடு மூடும். தெரிகிற பகுதி மெல்லிசாக இருந்தாலும் படிக்கிற முனைக்கு அது போதும். அதே தட்டில் 25 சதவிகிதம் வரை கூடுதலாக அடக்கலாம் என்று 2013-ல் சீகேட் கம்பெனி இதை மார்க்கெட்டுக்குக் கொண்டு வந்தது. இதுதான் எஸ்.எம்.ஆர்.

ரொம்ப புத்திசாலித்தனமான வேலை. ஆனால் ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களைக் கேளுங்கள். நடுவில் ஒரு ஓடு உடைந்தால் அதை மட்டும் உருவிவிட முடியாது. மேலே ஏறியிருப்பதை வரிசையாகப் பிரித்து, மாற்றி, மறுபடி அடுக்க வேண்டும். எஸ்.எம்.ஆர். டிஸ்கிலும் அப்படித்தான். ஒரு தடத்தை மாற்றினால் அதன் மேல் படிந்த அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். கூரை முழுக்கப் பிரிக்காமல் இருக்க, தடங்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்திருக்கிறார்கள். அப்படியும் வேலை வேலைதானே!

இந்தத் தாமதம் வெளியே தெரியாமலிருக்க ஒரு திண்ணை கட்டி வைத்திருக்கிறார்கள். வருகிற சரக்கையெல்லாம் முதலில் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது உள்ளே அழைத்துப் போய் ஓட்டு வரிசையில் அடுக்கும். ஆகவே கடையில் பத்து நிமிஷம் டெஸ்ட் செய்தால் குதிரை மாதிரி ஓடும். இடைவிடாமல் எழுதிக்கொண்டே போனால் திண்ணை நிரம்பிவிடும். அதன் பிறகு டிஸ்க் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டுமே! நூற்றைம்பது மெகாபைட் வேகத்தில் போனது, முப்பது நாற்பது என்று நொண்டும்.

வீட்டில் சினிமா சேர்த்து வைப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அண்ணனின் பெட்டிக்குள் போடுகிற டிஸ்கோ, உள்ளே போன நிமிஷத்திலிருந்து ஓய்வே இல்லாமல் 4 டெராபைட்டையும் எழுதியாக வேண்டும். 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்கான டிஸ்க் 17 மணி நேரத்துக்குள் முடித்த வேலையை, அதே கொள்ளளவுள்ள ஓட்டு டிஸ்க் முடிக்க ஏறக்குறைய 230 மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஒன்பது நாளுக்கு மேல்! அந்த ஒன்பது நாளும் இன்னொரு டிஸ்க் மண்டையைப் போடாமலிருக்க வடிவுடையம்மனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சில பெட்டிகள், 'இவன் ரொம்ப நேரமாக பதிலே சொல்லவில்லை, செத்துவிட்டான்' என்று புது டிஸ்கையே வெளியே தள்ளிவிடுவதும் உண்டு.

அண்ணன் எதிர் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்த டப்பா மேல போட மாட்டானா தம்பி?" என்றார்.

நியாயமான கேள்வி. அங்கேதான் வில்லங்கமே.

2020 ஏப்ரலில் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் நாறிய சமாச்சாரம் இது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'ரெட்' வரிசை, இப்படிப்பட்ட பெட்டிகளுக்கென்றே விளம்பரம் செய்து விற்கப்பட்ட டிஸ்க். அதில் 2-லிருந்து 6 டெராபைட் வரையுள்ள புது மாடல்களுக்குள் சத்தம் போடாமல் ஓடு வேய்ந்திருந்தார்கள். டப்பாவிலும் சொல்லவில்லை, விவரத் தாளிலும் சொல்லவில்லை. வாங்கியவர்களின் பெட்டிகள் வரிசையாக மக்கர் செய்த பிறகு, ஆளாளுக்குத் துருவியதில் குட்டு வெளிப்பட்டது. சீகேட், டோஷிபா கம்பெனிகளின் சில சாதாரண மாடல்களும் அப்படித்தான் என்று தெரிந்தது. மூன்று பேரும் பிறகு பட்டியல் வெளியிட்டார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் அந்த ஜூனில் 'ரெட் பிளஸ்' என்று தனி வரிசை ஆரம்பித்து, 'இது ஓடு இல்லாதது' என்று பிரித்துக் காட்டியது. அமெரிக்காவில் கேஸ் போட்டவர்களுடன் 27 லட்சம் டாலருக்கு சமரசமும் செய்துகொண்டது.

ஓடு வேய்ந்தது குற்றமில்லை. டிராப்பாக்ஸ் போன்ற பெரிய கம்பெனி 2018-லேயே இதே வகை டிஸ்குகளைத் தன் கிடங்குகளில் கூட்டம் கூட்டமாகப் போட்டது. தெரிந்து வாங்கி, அதற்கேற்ற மாதிரி ஸாஃப்ட்வேர் எழுதிக்கொண்டது. வாங்குகிறவனிடம் சொல்லாமல் விற்றதுதான் அயோக்கியத்தனம் என்பது என் கட்சி.

* * *

காலடிப்பேட்டையில் ஏறினோம். ரயில் உயரத்தில் போகும்வரை கிழக்கே கொஞ்சம் கடல், கீழே நிறைய லாரி. தண்டையார்பேட்டைக்கு முன்னால் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. பக்கத்திலிருக்கும் சிந்தாதிரிப்பேட்டையும் நெசவாளர்களுக்காக உருவான ஊர்தான். காலெட்டுக்குப் பிறகு வந்த கவர்னர் மார்ட்டன் பிட் 1734-ல் ஏற்படுத்தியது. அன்றைக்கு அங்கே துணி வாங்கிய கம்பெனி ஏஜெண்டுகள் ஒவ்வொரு உருப்படியையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கியிருப்பார்களா? நாம்தான் டப்பாவின் கலரைப் பார்த்து வாங்குகிறோம்.

ரிச்சி தெருவை அறியாத வாலிபர் சென்னையில் இருக்க முடியாது. தெருவா, கடையா, குடோனா என்று தெரியாத ஒரு இடம். ஒரு கையில் மதர்போர்டும் இன்னொரு கையில் சமோசாவுமாக ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். முதல் கடையில் பையன் கேட்ட மாத்திரத்தில் எடுத்துப் போட்டான்.

"4 டி.பி.யா ஸார்? பார்ராகுடா. சூப்பரா போவும்."

லேபிளைத் திருப்பினேன். எஸ்.டி.4000 டி.எம்.004. ஓடு! அதே வரிசையில் 2 டெராபைட் எஸ்.டி.2000 டி.எம்.008-ம், 8 டெராபைட் டி.எம்.004-ம் ஓடுதான். ஆனால் 1 டெராபைட் டி.எம்.010 ஓடு இல்லை. ஆக 'பார்ராகுடா' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. முழு மாடல் நம்பர்தான் ஜாதகம்.

"இது வேணாம்பா. சி.எம்.ஆர். இருக்கா?"

"எல்லாமே பி.எம்.ஆர்.தான் ஸார். தைரியமா எடுங்க."

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். பி.எம்.ஆர். என்றால் காந்தத் துகள்களைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்திப் பதிவது. 2005 வாக்கில் வந்த முறை. ஓடு வேய்ந்த டிஸ்கிலும் செங்குத்தாகத்தான் பதிகிறார்கள்! "இது சைவ ஓட்டலா?" என்று கேட்டால் "ரொம்ப சுத்தமான ஓட்டல் ஸார்" என்று பதில் சொல்வது போலத்தான் இதுவும். பையன் மேல் தப்பில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அப்படி.

இரண்டாவது கடையில் சிவப்பு லேபிள். அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரெட்டு! நீ சொன்னியே!" என்றார். நான் சொன்னது பிளஸ்! இதில் நம்பரின் கடைசி நாலு எழுத்து இ.எஃப்.ஏ.எக்ஸ். 4 டெராபைட்டில் இந்த எழுத்து இருந்தால் ஓடு. பழைய இ.எஃப்.ஆர்.எக்ஸ். என்றால் ஓடு இல்லை. ஒரே ஒரு எழுத்து! 'அப்படியானால் இ.எஃப்.ஏ.எக்ஸ்.ஸைக் கண்டாலே ஓடிவிடலாம்' என்று முடிவு கட்டாதீர்கள். 8 டெராபைட்டில் அதே நாலு எழுத்து வந்தால் அது நல்ல டிஸ்க். எழுத்தையும் கொள்ளளவையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நீல லேபிளிலும் இப்படி ஒரு எழுத்து விளையாட்டு உண்டு: 4 டெராபைட் இ.இசட்.ஆர்.இசட். நல்லது, இ.இசட்.ஏ.இசட். ஓடு. டோஷிபா பி-300 வரிசையில் 1, 2, 3 டெராபைட் வேகமான பழைய மாடல்கள் சரி. 4, 6 டெராபைட் ஓடு.

இத்தனையும் மனப்பாடம் செய்ய நாம் என்ன டி.என்.பி.எஸ்.சி.யா எழுதுகிறோம்? கடையில் நின்றபடியே முழு மாடல் நம்பரைப் போனில் அடித்து, அந்தந்தக் கம்பெனியின் சொந்தப் பட்டியலையோ விவரத் தாளையோ பார்த்துவிட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். 'பதிவு முறை' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியே இல்லையென்றால் சந்தேகப்படுவது உடம்புக்கு நல்லது. 2 டெராபைட் மாதிரிச் சின்ன டிஸ்குக்கு 256 மெகாபைட் கேஷ் என்று தாராளமாகப் போட்டிருந்தாலும் ஒரு கண் வையுங்கள். திண்ணை பெரிசாக இருந்தால் உள்ளே கூட்டம் என்று அர்த்தம். இது சந்தேகத்துக்கு மட்டும்தான். பெரிய நல்ல டிஸ்குகளிலும் 256 உண்டு.

ஏற்கெனவே வாங்கி மாட்டிவிட்டவர்களுக்கு ஒரு வழி. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச ஸாஃப்ட்வேர். டிஸ்க் என்னென்ன செய்யும் என்று காட்டுகிற வரிசையில் 'ட்ரிம்' என்ற வார்த்தை பளிச்சென்று தெரிந்தால் உள்ளே ஓடு. தட்டு சுற்றும் சாதாரண டிஸ்குக்கு ட்ரிம் தேவையே இல்லை. ஆனால் ட்ரிம் தெரியவில்லை என்பதால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. அதைச் சொல்லாமலே ஓடு வேய்ந்தவையும் உண்டு. லாப்டாப்பில் போடும் சின்ன 2.5 அங்குல டிஸ்கும், பையில் போட்டுக்கொண்டு போகும் யு.எஸ்.பி. டிஸ்கும் 1 டெராபைட்டும் அதற்கு மேலும் என்றால், இப்போது பெரும்பாலும் ஓடுதான். அதைத் துருவி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாவது கடைக்காரர் பெரியவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "எதுக்குப் போடப் போறீங்க?"

அன்று பூராவும் இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே கடைக்காரர் அவர்தான்! சொன்னேன். உள்ளே போய் இரண்டு டிஸ்க் கொண்டு வந்தார். ஒன்று சீகேட் அயர்ன்வுல்ஃப். இன்னொன்று ரெட் பிளஸ், கடைசி எழுத்து இ.எஃப்.பி.எக்ஸ். இரண்டும் ஓடு இல்லாதவை. முதல் கடை டிஸ்கைவிட விலை கூடத்தான். மூன்றாவதாக, இன்னும் மலிவாக ஒன்றையும் காட்டினார். ஸர்வரில் ஓடிக் கழித்த பெரிய டிஸ்க். "இது செகண்ட் ஹேண்ட், சொல்லித்தான் குடுக்கறேன். சில இடத்துல புதுசுன்னு குடுப்பாங்க" என்றார். உண்மைதான். 2025 ஆரம்பத்தில் ஐரோப்பாவில் அப்படி ஒரு மோசடி வெளியே வந்தது. பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் ஸர்வர் டிஸ்குகளின் ஓட்டக் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதிது என்று விற்றிருந்தார்கள். டிஸ்க் தனக்குள்ளே வைத்திருக்கும் 'ஃபார்ம்' என்ற இன்னொரு குறிப்பேட்டை அழிக்க மறந்துவிட்டதால் மாட்டிக்கொண்டார்கள்.

அண்ணன் ரெட் பிளஸ்ஸை எடுத்துக்கொண்டார். சிவப்பு ராசி என்றார். பில் போடும்போது பெரியவர் '4 டி.பி. ஹெச்.டி.டி. - 1' என்று எழுதினார். "முழு மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் எழுதுங்க, ஸார்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். எழுதித் தந்தார். நாளைக்கு வாரண்டியில் மாற்றிக் கொடுக்கும்போது 'அதுவும் ரெட்டு, இதுவும் ரெட்டு' என்று வேறு எழுத்து தலையில் கட்டாமலிருக்க அந்த ஒரு வரிதான் சாட்சி. ஆன்லைனில் வாங்குகிறவர்களும் படத்தில் இருக்கும் நம்பரைப் படித்துவிட்டு, வந்த டிஸ்கின் நம்பரையும் கவர் பிரிப்பதற்கு முன்னால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சாயந்திரம் ஆறரை மணிக்கு டிஸ்கைச் செருகினோம். பெட்டி ஒரு முறை உறுமிவிட்டு எழுத ஆரம்பித்தது. அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டூடியோவிலேயே பாயை விரித்துவிட்டார். மறுநாள் காலை பத்து மணி சுமாருக்கு எனக்கு போன்.

"பச்ச லைட்டு எரியுது தம்பி. அந்தப் பையனோட அப்பா ஆடுறாரு. ஃபுல்லா கீது."

"சரி அண்ணே, இப்போவே முதல் கடைக்குப் போய் அந்த பார்ராகுடாவையும் வாங்கிட்டு வந்துடுங்க."

"அது ஓடுன்னியே!"

"ஓடுதான். முடிஞ்ச கல்யாணத்தையெல்லாம் ஒரு தடவை அதுல காப்பி போட்டு, கழட்டி, வீட்டுப் பீரோவுல வைங்க. அந்த வேலைக்கு அது போதும்."